லெமிங்டன் தக்காளியும் இருவகைப் பசளையும்

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் வின்சர் பக்கமாக மூன்றரை மணி நேரம் ஓடினால் லெமிங்டன். ஈரி ஏரிக்கரைச் சிற்றூர். கனடாவின் தக்காளித் தலைநகர் என்று பெயர். தக்காளிப் பழ வடிவிலேயே ஒரு தகவல் கூடம் வைத்திருக்கிறார்கள். 1909 முதல் 2014 வரை ஹெய்ன்ஸ் தொழிற்சாலை இயங்கியதும் இங்கேதான். பொயின்ற் பெலி பூங்காவுக்குப் போகும் எம்மவர்கள், அதுவும் பின்வளவில் நாலு தக்காளிக் கன்று நட எண்ணியிருப்பவர்கள், இந்த ஊரை நின்று பார்க்க வேண்டும்.

ஊரைச் சுற்றிக் கண்ணாடி வீடுகள். உள்ளே மண்ணே கிடையாது. செடி நிற்பது பாறைப்பஞ்சில், அல்லது தென்னந்தும்புத் தூள் அடைத்த பைகளில். உலகச் சந்தைக்கு அந்தத் தூளை அதிகம் அனுப்புபவை இந்தியாவும் இலங்கையும். (எங்கள் தென்னையும் புலம்பெயர்ந்துதான் நிற்கிறது!) நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம் எல்லாம் உப்பாகக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வேருக்கு விடுகிறார்கள். விளைச்சல் சதுர மீற்றருக்கு 50 கிலோவை எட்டும். ஆனால் அந்தப் பெருமை முழுவதும் பசளைக்கு உரியதல்ல. சூடேற்றிய காற்றும் நீண்ட பருவமும் சேர்ந்த கணக்கு அது.

ஊரில் நாம் ஆட்டுப்பட்டி அடைத்தோம், பூவரசங்குழை தாழ்த்தினோம். அதே முறை இங்கே ஏன் உடனே பலன் தருவதில்லை? தக்காளி வேருக்குச் சாணத்தின் நைத்திரேற்றும் பையின் நைத்திரேற்றும் ஒன்றுதான். வித்தியாசம் வேகத்தில். சேதனப் பசளையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகே செடிக்குக் கிடைக்கும். யாழ்ப்பாண வெயிலில் அவை ஓயாமல் வேலை செய்யும். மே மாதத்து ஒன்ராறியோ மண் குளிரில் அவை தூங்குகின்றன. கன்று வெளிறி நிற்கும். அசேதனப் பசளை கரைந்தவுடனே வேரில் சேரும். ஆனால் நைதரசன் மிஞ்சினால் இலைதான் காடாகும், காய் பிந்தும். இங்கே பிந்திய காய் பனியில் போய்விடும்.

அதற்காக எருவை விட்டுவிடவும் முடியாது. மண்ணில் ஈரத்தைச் சீராகப் பிடித்து வைப்பது அதுதான். ஈரம் ஏறி இறங்கினால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராது, அடி கறுத்து அழுகும். இலங்கை அரசு 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே விலக்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஒன்றை ஒரே நாளில் நிறுத்தி மற்றதை அந்த இடத்தில் வைக்க மண் இடம் கொடுக்காது.

எங்கள் யோசனை: கடையில் பைகளில் விற்கும் செம்மறியாட்டு எருவையோ மக்கிய கூட்டெருவையோ நடுமுன் மண்ணோடு கலவுங்கள். விக்ரோறியா தினத்தை ஒட்டி நடும்போது கரையும் பசளை சிறிதளவு; முதற்காய் பிடித்ததும் இன்னொரு தடவை. பையிலுள்ள மூன்று எண்கள் முறையே நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம். எரு போட்டு வந்த மண்ணில் பொசுபரசு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நடு எண் சிறிதான பையை எடுங்கள்.

அதற்கு ஏரியும் ஒரு காரணம். வயல்களிலிருந்து வழிந்த பொசுபரசால் ஈரி ஏரியில் பாசி பெருகி, 2014 ஓகஸ்டில் மறுகரையிலுள்ள ரொலீடோ நகரில் 4 இலட்சம் பேர் குழாய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் நின்றார்கள். அதில் எருவின் பங்கும் உண்டு, பைப் பசளையின் பங்கும் உண்டு.

போகிறவர்கள் ஓகஸ்ட் பிற்பகுதியில் போங்கள். வெளிவயல் பழம் அப்போதுதான் கூடைக் கணக்கில் வீதியோரத்துக்கு வரும்.