காடும் ஒரு படிப்பா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பிள்ளை, இனி என்ன செய்யப் போறாய்?"

நான் உயிரியல் பிரிவில் படித்தவள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம், ஆசிரியையாகலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "வனவியல் படிக்க விருப்பம்" என்றேன். பெரியப்பா சிரித்துவிட்டார். "காட்டோரம் பிறந்து வளர்ந்தனீ. காடும் ஒரு படிப்பே?"

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அன்று எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வவுனியா வடக்கில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும். அப்பா மேசன் வேலை செய்கிறார். வேலை இல்லாத நாட்களில் வீட்டுச் செலவைச் சமாளிப்பது அம்மாவும் சின்னம்மாவும் ஏ9 வீதியோரம் விற்கும் பாலைப்பழந்தான். பாலை உயர்ந்த மரம். பழமோ மிகச் சிறியது. ஏறி ஒவ்வொன்றாக ஆய்வது இயலாத காரியம். ஆகவே கொப்பை வெட்டி விழுத்தி, நிலத்தில் இருந்துகொண்டு ஆய்வார்கள். எங்கள் வீட்டாரும் அப்படித்தான் செய்தார்கள். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. என் ரியூசன் காசில் பாதி அந்தக் கொப்புகளில் இருந்து வந்ததுதான்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வேலிக்கு அப்பாலேயே பழம் கிடைத்தது. சாதாரணதரம் எழுதிய வருடம் குளக்கட்டைத் தாண்டிப் போனோம். பிறகு இரண்டு மைல் நடக்க வேண்டி வந்தது. ஒருநாள், வழக்கமாகப் பழம் தரும் ஒரு மரத்தடியில் நின்று அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். "வெட்டின கொப்பு தழைச்சுத்தான் நிக்குது. ஆனால் காய்க்கேல்லையே" என்றார். அந்தக் கொப்பை வெட்டியவர்கள் நாங்கள்தான். திரும்பி வரும் வழியில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மரத்திலிருந்து எவ்வளவு எடுத்தால் அந்த மரம் தாங்கும்? இந்தக் கேள்வியை எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் கேட்டேன். "வனவியல் என்ற படிப்பே அந்தக் கேள்வியில்தான் தொடங்குது" என்றார். 1713 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி ஒரு நூல் எழுதினார். சுரங்கங்களுக்கு மரம் வெட்டி வெட்டி அங்கே காடு அருகிப் போயிருந்தது. வளர்கின்ற அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்று அவர் வாதாடினார். வங்கியில் போட்ட பணத்தில் வட்டியை மட்டும் எடுத்து, முதலைத் தொடாமல் விடுவது போன்றதுதான் இதுவும். ஆனால் வட்டி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் முதலை எண்ண வேண்டும். மரங்களை அளக்க வேண்டும்.

அளக்கவும் ஆசிரியையே காட்டித் தந்தார். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து 3.14 ஆல் பிரித்தால் விட்டம் வரும். அம்மாவின் தையல் நாடா ஒரு பாலைக்குப் போதாமல், அடையாளம் வைத்து இரண்டு தரம் பிடித்தேன். 198 சென்ரிமீற்றர். விட்டம் 63. உயரத்துக்கு ஒரு நேரான தடி போதும். நீட்டிய கைக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள தூரமளவுக்குத் தடியை வெட்டி, அதன் அடியை நிமிர்த்திப் பிடித்தபடி பின்னால் நடக்க வேண்டும். சமதரையில், தடியின் அடி மரத்தின் அடியோடும் நுனி மரத்தின் நுனியோடும் ஒத்துவரும் இடத்தில் நின்று, அங்கிருந்து மரம் வரையுள்ள தூரத்தை அளந்தால் அதுதான் மரத்தின் உயரம். அந்தப் பகுதியில் பெரிய பாலைகள் ஏழு நின்றன. இளம் பாலை ஒன்றே ஒன்றுதான். அந்த எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதியபோது எனக்குப் பயமாக இருந்தது. பாலைப்பழம் நமக்கு மட்டும் உரியதல்ல. கரடிக்கும் அது விருப்பமான உணவு. தின்ற பழத்தின் விதையைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடுவதும் கரடிதான். கனியை நாமே முழுவதும் எடுத்துவிட்டால் இளம் மரம் எங்கிருந்து வரும்?

பெண்களுக்கு இது சரிவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்தில், 25 ஹெக்டேயர் நிலத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரத்தையும் அடையாளமிட்டு அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு இலட்சம் மரங்கள். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியை சவித்திரி குணதிலக்க.

எங்கே படிக்கலாம் என்றும் தேடிப் பார்த்தேன். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் வனவியலுக்கும் சூழல் விஞ்ஞானத்துக்கும் ஒரு துறை இருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சூழல் விஞ்ஞானம் படிக்கலாம். நுவரெலியாவில் வன உத்தியோகத்தர்களைப் பயிற்றும் நிறுவனம் உண்டு. படித்தவர்களுக்கு வனவளத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை போன்ற இடங்களில் வேலைவாய்ப்பு உண்டு. பட்டம் கிடைத்த உடனே வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அது எந்தப் படிப்புக்கும் பொருந்தும். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். என் ஆங்கிலம் சுமார். காட்டோரச் சனங்களோடு வேலை செய்யச் சிங்களமும் தெரிந்திருந்தால் நல்லது. இப்போதே இரண்டையும் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

வீட்டில் அப்பாவின் கவலை வேறு. "கொழும்புப் பக்கம் தனிய விடவேணும். பிறகு காட்டுக்குள்ளை வேலை. நாளைக்கு ஆர் கலியாணம் கட்டுவினம்?" என்றார். பெரியப்பாவும் தலையாட்டினார். அதுவரை குசினியில் நின்ற அம்மா வெளியே வந்தார்.

"இஞ்சை பாருங்கோ, நான் எத்தினை வருசமாக் காட்டுக்குள்ளை போய் வாறன். அப்ப ஒருத்தரும் பயப்படேல்லை. பிள்ளை படிச்சுச் சம்பளத்துக்குப் போனால் மட்டும் பயமோ?"

அப்பா பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, விண்ணப்பம் அனுப்பத் தேவையான காசை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பாடநெறிகளின் விருப்ப வரிசையில் ஸ்ரீ ஜயவர்தனபுர உயிரியல் விஞ்ஞானத்தை முதலிலும் வவுனியா சூழல் விஞ்ஞானத்தை இரண்டாவதாகவும் போட்டேன். வெட்டுப்புள்ளி வரும்வரை ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த வருடப் பழக் காலத்தில் அம்மா கத்தி கொண்டுபோகவில்லை. பழைய சேலைகளை மரத்தடியில் விரித்து, கொப்பை உலுக்கி, விழுந்ததை மட்டும் பொறுக்கினார். வருமானம் போன வருடத்தில் பாதிதான். இரவில் காசை எண்ணி வைக்கும்போது அம்மாவின் முகம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இழந்த அந்தப் பாதிக்கு என்னால் இன்னும் வழி சொல்ல முடியவில்லை. மரமும் பிழைக்க வேண்டும், அதை நம்பிய வீடும் பிழைக்க வேண்டும். அதற்கு வழி தேடத்தான் பெரியப்பா, நான் இந்தப் படிப்பைக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை யாரும் கேள்விப்படாத படிப்பொன்றின் பெயரைச் சொன்னால், உடனே சிரித்துவிடாதீர்கள். ஏன் அது வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.