அப்பாவின் பச்சைக் கதவு

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். பிறர் வீட்டுத் துயரங்களைத் தேடித் தேடிச் செய்தியாக்கியவனுக்குத் தன் வீட்டு விறாந்தையில் கிடந்தது கண்ணிற் படாமற் போன கதை இது. சற்று வெட்கத்துடனேயே எழுதுகின்றேன்.

மன்னார் - பூநகரி வீதியில் உள்ள வெள்ளாங்குளம் எங்கள் ஊர். 1960களின் பிற்பகுதியில் அப்பா அங்கு ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினார். அதன் முன்வாசலுக்கு முதிரை மரத்தில் இரட்டைக் கதவு. மடுத் திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கும் ஆண்டுகளில், ஆவணி பிறக்குமுன் அப்பா தம் கையாலேயே அக்கதவுக்குப் பச்சை வர்ணம் பூசுவார். கடற்காற்றின் உப்புக்கு ஈடு கொடுக்கக்கூடியது அந்தப் பச்சை மட்டுமே என்பது அவரது நம்பிக்கை.

2008 ஆம் ஆண்டு யுத்தம் ஊரை நெருங்கியபோது எல்லோரையும் போல எங்கள் குடும்பமும் இடம்பெயர்ந்தது. 2010 இல் அக்கா குடும்பத்தினர் திரும்பி வந்தபோது கூரை இல்லை, யன்னல்கள் இல்லை, நிலைகள் கூட இல்லை. பின்வளவிற் பதுங்குகுழி ஒன்றின் மேல் மூடியாகக் கிடந்தது கதவின் ஒரு பாதி. அப்பா அப்போது உயிருடன் இல்லை. அவர் கைபட்ட பொருளென எங்களுக்கு மிஞ்சியது அதுவே.

பல ஆண்டுகள் கொட்டிலிற் கிடந்த அந்தக் கதவைப் புதிய வீட்டின் வாசலில் மாட்டவேண்டும் என்று சென்ற ஆண்டு பிடிவாதம் பிடித்தவன் நானே. தச்சாசாரியார் இரண்டு நாட்கள் விறாந்தையில் அமர்ந்து அரத்தாளால் அதைத் தேய்த்தார். பச்சைத் தூள் விறாந்தை முழுவதும் படிந்தது. அக்கா அதைக் கூட்டி முற்றத்தில் தள்ளினார். நான் கொழும்பிலிருந்து தொலைபேசியில் வேலை எவ்வளவு முடிந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மருமகள் பேசினாள்.

"மாமா, தம்பி அந்தப் பச்சைத் தூளைத் தொட்டுத் தொட்டு நக்கிறான். ஏனடா எண்டு கேட்டால் இனிக்குதாம்."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈயச் சேர்மங்கள் சிலவற்றுக்கு இனிப்புச் சுவை உண்டு என்பது எப்போதோ வாசித்தது. அக்கணத்தில் நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. வர்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவுக்கு உச்ச எல்லை விதித்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011 இல் வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டபோது, அதை நான்கு வரியாகச் சுருக்கி உட்பக்கத்தில் இட்டவன் நானே. எனாமல் வகைக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, சுவருக்கான எமல்சன் வகைக்கு 90 பங்கு. 2013 ஜனவரி முதல் நடைமுறை. எண்கள் கூட நினைவில் இருந்தன. எங்கள் கதவுக்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது மட்டும் அன்று தோன்றவில்லை.

விடயத்தைச் சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஈயம் பூசின பாத்திரத்தில சமைச்சுச் சாப்பிட்டுத்தானே நாங்கள் வளந்தனாங்கள்" என்றார். அவரிற் பிழையில்லை, பிழை எமது பேச்சு வழக்கில் உள்ளது. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். வலையின் அடிக்கயிற்றிற் கோர்க்கும் குண்டும், வாகன பற்றரியின் உள்ளே இருப்பதும் காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகியதால் நஞ்சானதையும் நாம் சமையலறைச் சொந்தமாக எண்ணிவிடுகின்றோம்.

அக்காலத்து வர்ணங்களில் இந்தக் காரீயத்தை யாரும் களவாகக் கலக்கவில்லை. வெண்மைக்கு ஒரு ஈயச் சேர்மம், மஞ்சளுக்கு ஒன்று, இரும்பு துருப்பிடிக்காதிருக்கச் சிவப்பு நிறத்தில் ஒன்று. மஞ்சளுடன் நீலத்தைச் சேர்த்தாற் பச்சை. பூச்சு விரைவாகக் காயவும் ஈரத்தைத் தாங்கவும் ஈயம் உதவியது. அப்பாவின் நம்பிக்கை ஆதாரமற்றதன்று. உப்புக்காற்றுக்கு ஈடு கொடுத்தது எதுவோ அதுவே பேரனின் விரலிலும் ஒட்டியிருந்தது.

உடலுக்குள் போகும் ஈயத்தை உடல் கல்சியம் என்று எண்ணி ஏமாறுகின்றது. எலும்பிற் பல ஆண்டுகள் சேமித்து வைக்கின்றது. வளரும் மூளையை அது பாதிக்கின்றது. கவனமும் கற்கும் திறனும் குறைகின்றன. வளர்ந்தவரைவிட நான்கு ஐந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தோ கல்சியமோ குறைந்த பிள்ளைக்கு ஆபத்து மேலும் கூடும். காய்ச்சலோ தடிப்போ வராது என்பதே இதிலுள்ள கொடுமை.

இது நேற்றுக் கண்டுபிடித்த உண்மையுமன்று. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நோயுற்ற குழந்தைகளைப் பரிசோதித்த லொக்காட் கிப்சன் என்ற மருத்துவர், விறாந்தைக் கம்பிகளிலும் வீட்டுச் சுவர்களிலும் உதிர்ந்த வர்ணமே காரணம் என்று 1904 இலேயே எழுதினார். 1922 இல் அந்த மாநிலம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. ஐக்கிய அமெரிக்கா வீட்டு வர்ணங்களுக்குத் தடை விதித்தது 1978 இல். இந்தியாவில் 90 பங்கு என்ற எல்லை நடைமுறைக்கு வந்தது 2017 இல். வெப்பமான கடலோர ஊர், மர வீடு, விறாந்தை, விரல் சூப்பும் குழந்தை. கிப்சன் எழுதியது எங்கள் வீட்டைப் பற்றித்தானோ என்று தோன்றியது.

பேரனின் இரத்த மாதிரியைக் கொழும்பிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். டெசிலீற்றருக்கு 7 மைக்கிரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 5 அல்லது அதற்கு மேலிருந்தால் ஈயம் எங்கிருந்து வருகின்றது என்று தேடி அதை நிறுத்தவேண்டும். மருந்து தேவைப்படும் அளவு இதுவன்று என்றார் மருத்துவர். விறாந்தையை ஈரத்துணியால் பலமுறை துடைத்தோம். முற்றத்தின் மேல்மண்ணை அள்ளி அகற்றினோம். மூன்று மாதங்களின் பின் அளவு 4 ஆகியிருந்தது. மருமகள் நிம்மதியடைந்தாள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இதை வாசித்து இப்போது அறிந்துகொள்வாள்.

வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வர்த்தமானி புதிய தகரத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே பூசிய கதவுக்குள் அது நுழையாது. வன்னியில் நூறாண்டு வீடுகள் இல்லையே, எங்களுக்கு எதற்கு இந்தக் கவலை என்று எண்ணவேண்டாம். மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளில், 2013 க்கு முன்னர் வர்ணம் பூசிய வீடுகளும் பாடசாலைகளும் ஆலயங்களும் அந்த எல்லைகள் நடைமுறைக்கு வருமுன் பூசியவையே. அவை எல்லாவற்றிலும் ஈயம் உண்டு என்று நான் கூறவில்லை. இல்லை என்று எண்ணிக்கொண்டு சுரண்டக்கூடாது என்கிறேன்.

உரியாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய வர்ணம் பெருந்தீங்கு செய்வதில்லை. நாம் ஆசையோடு அதைப் புதுப்பிக்கத் தொடங்கும்போதே அது தூளாகிக் காற்றிலும் கையிலும் ஏறுகின்றது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கவேண்டாம், நனைத்துத் தேய்க்கவும். தீயால் உருக்கி எடுக்கவேண்டாம். தூளைத் தும்புத்தடியாற் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவும். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். முக்கியமாக, வர்ணம் பூசிய பழைய பலகையை அடுப்பில் எரிக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் உடைந்த நிலைகளும் யன்னல்களும் விறகாகிப் போனதை நானே பார்த்திருக்கின்றேன்.

கதவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். திறந்து மூடும்போது விளிம்பு உரசித் தூள் உதிரும் என்பதால் அதை வாசலில் மாட்டவில்லை. ஆசாரியார் வேப்பமரத்திற் புதிய கதவு செய்து தந்தார். இரண்டு நாட்கள் அந்தத் தூளுக்குள் அமர்ந்திருந்தவர் அவர்தான். அவரிடம் இதையெல்லாம் விளக்கி, இரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துச் சென்றோம். அப்பாவின் கதவை ஈரத்துணியால் துடைத்து, மேலே இரண்டு பூச்சுப் புதிய வர்ணம் பூசி, கொட்டிலின் உயரத்தில் வைத்திருக்கின்றோம். பேரனின் கை அங்கு எட்டாது.

நத்தாருக்கும் பொங்கலுக்கும் வீடுகளுக்கு வர்ணம் பூசும் காலம் வருகின்றது. அரத்தாளைக் கையில் எடுக்குமுன், பழைய பூச்சு எந்த ஆண்டினது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.