மலையேறும் வீட்டுக்கு என்ன வேகம்?

வாளையாறைத் தாண்டியதும் காற்றின் குணம் மாறிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வழிவிட்டு விலகி நிற்கும் கணவாய் இது. ஒரு காலத்தில் லாரிகள் இங்கே மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது நான்கு வழிச் சாலை பாலக்காட்டை நோக்கி நீண்டு கிடக்கிறது. கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்துகிறது.

எவ்வளவு அழுத்தலாம் என்பது, ஓட்டுவது எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. 2023 ஜூலை 1 முதல் கேரளத்தில் அமலுக்கு வந்த வேக வரம்பின்படி, நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் ஒன்பது இருக்கை வரை உள்ள பயணி வாகனம் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் இருக்கை இருந்தால் 90. சரக்கு வண்டி என்றால் 80. ஒரே சாலைக்கு மூன்று வேகம்.

சிக்கல், இந்த மூன்றில் எதிலும் ஒழுங்காக உட்காராத ஒரு வண்டியால் வருகிறது. அதுதான் கேரவன். வேனாகப் பிறந்து வீடாக வளர்ந்த வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சில வண்டிகளில் குளியலறைகூட. கேரள அரசு 2021 செப்டம்பரில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. தமிழனுக்கு இது அப்படி ஒன்றும் புதிதல்ல. கார்த்திகை பிறந்தால் பாய், பாத்திரம், அரிசி மூட்டையோடு குமுளி ஏறும் சபரிமலை வேன்களை வேறு என்னவென்று சொல்வது?

இந்த வீட்டுக்கு எந்த வேகம் என்று கேட்டால், சட்டம் ஒன்றுக்கு மூன்று எண்களைக் காட்டுகிறது. முதல் எண் ஒன்பது. வேக வரம்பு இருக்கையைக் கணக்கில் எடுக்கிறது. பன்னிரண்டு பேர் போகும் வேனில் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டு, அதற்கு அனுமதியும் பெற்று, பதிவுச் சான்றிதழில் ஐந்து இருக்கை என்று ஏறிவிட்டால், காகிதத்தில் அது காரின் வரிசைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது எண் 3,500 கிலோ. மோட்டார் வாகன விதிகளின் 118-வது விதி, போக்குவரத்து வாகனங்களுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்குகிறது. ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேருக்கு மிகாத, மொத்த எடை 3,500 கிலோவுக்கு மிகாத பயணி வாகனங்களுக்கு விலக்கு உண்டு. ஆக, நான்கே பேர் போகும் கேரவனாக இருந்தாலும், மஞ்சள் போர்டில் வாடகைக்கு ஓடி, எடை மூன்றரை டன்னைத் தாண்டினால் கருவி உண்டு. சாலையோரப் பலகை 100 என்று அழைத்தாலும் வண்டி 80-ல் நின்றுவிடும். சொந்த உபயோகத்துக்கான கேரவனோ போக்குவரத்து வாகனம் அல்லாத பட்டியலில் இருக்கிறது. அதே எடை, அதே கட்டில், ஆனால் வெள்ளை போர்டு. கருவி கட்டாயமில்லை.

மூன்றாவது எண் 7,500 கிலோ. அதுவரை இலகுரக வாகனம். அந்த உரிமம் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. நேற்றுவரை சின்னக் கார் ஓட்டியவர் இன்று ஏழு டன் வீட்டை மலையேற்றலாம்.

பிரிட்டனிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே நடுவில் தடுப்பில்லாத ஊர்ப்புறச் சாலையில் சரக்கு வேனுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அதே வேன் கேரவன் என்ற வகைக்குள் வந்து, காலி எடை 3.05 டன்னைத் தாண்டாமல் இருந்தால் 96 வரை போகலாம். கட்டிலும் அடுப்பும் வேகத்தைக் கூட்டுகின்றன. கூடுதல் எடை அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு என்று நினைப்பவர்கள், வாளையாறிலிருந்து அதே சாலையில் வடக்கஞ்சேரி வரை போக வேண்டும். 2022 அக்டோபர் 5 இரவு, ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்பிய எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி மாணவர்களின் பேருந்து, முன்னால் போன அரசுப் பேருந்தில் மோதிக் கவிழ்ந்தது. மாணவர்கள் ஐந்து பேர், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த மூன்று பேர் என ஒன்பது உயிர்கள் போயின. மோதுவதற்குச் சற்று முன் பேருந்தின் வேகம் 97 கிலோமீட்டருக்கு மேல் என்று தெரியவந்தது. 80-ல் நிறுத்தியிருக்க வேண்டிய கருவி தன் வேலையைச் செய்யவில்லை. இன்றைய விதிப்படி அந்தச் சாலையில் 97 என்பது ஒரு காருக்குக் குற்றமே அல்ல. பேருந்துக்கு அது எமன்.

காரணம் எளிது. வேகம் 80-லிருந்து 100 ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. எடை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கிறது. கேரவனில் இருநூறு லிட்டர் தண்ணீர் ஏற்றினால் இருநூறு கிலோ. மேலே ஏ.சி., அலமாரி, கூரையில் சூரியத் தகடு. வளைவில் திரும்பும்போது உயரமான வண்டி சாயப் பார்க்கிறது. தொட்டி நிறையாமல் இருந்தால் உள்ளே தண்ணீரும் சேர்ந்து ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக மறையூர் ஏறி மூணாறை அடைந்தால் கணக்கு வேறாகிவிடுகிறது. மூணாறிலிருந்து போடிமெட்டு வரை தேசிய நெடுஞ்சாலை 85 அகலமாகியிருக்கிறது. தேயிலையும் ஏலமும் மாறி மாறி வருகின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகள் எதிரே வளைவில் முளைக்கின்றன. போடிமெட்டில் எல்லை தாண்டியதும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கீழே இறங்குகின்றன. இங்கே 100-ம் 80-ம் பேச்சுக்கே இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். கியரை விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி, கடைசி வளைவில் கைவிடும்.

தெற்கே, குமுளியிலிருந்து கம்பம் இறங்கும் சாலையில் 2022 டிசம்பர் 23 இரவு சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டத்துக்காரர்கள் எட்டுப் பேர் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். அது கேரவன் அல்ல. ஆனால் மலைச் சரிவு எந்த வண்டியிடமும் பதிவுச் சான்றிதழைக் கேட்பதில்லை.

வண்டியை மாற்றுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேரவனுக்கென்றே தனித் தர நிர்ணயம் இருக்கிறது. அதன்படி சோதித்து ஒப்புதல் பெற்ற வண்டியே பாதுகாப்பானது.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்ணீரை நிரப்பி, சாமான்களை ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து, பொள்ளாச்சியிலோ போடியிலோ ஓர் எடை மேடையில் வண்டியை நிறுத்தினால் போதும். கையில் கிடைக்கும் அந்தச் சின்னச் சீட்டைப் பதிவுச் சான்றிதழில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மலையில் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.