கைக்கு எவ்வளவு வரும்?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிசம் டெபிட், கிரெடிட்தான். அப்படிப்பட்ட என்னை ராமேஸ்வரத்து மச்சான் ஜீப்புக்கு டைனமோ வாங்கக் கூட்டிப்போனார் என்றால், காரணம் அந்த ராத்திரி!

2015. தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வராத காலம் (2017-ல்தான் வந்தது). முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் வெறும் மணலும் சேறும்தான். சுற்றிப் பார்க்கப் போய் இருட்டிவிட்டது. கிளம்பும்போது ஒரு மீனவர் குடிசையில் குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டோம். சக்கரம் புதையப் புதைய ஜீப் ஊர்ந்தது. ஹெட்லைட் முதலில் மஞ்சளானது, அப்புறம் மின்மினி.

"இன்ஜின் நின்னா தொலைஞ்சோம் மாப்ளே, செல்ஃப் எடுக்காது!"

நான் டார்ச்சோடு முன்னால் நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் மூச்சு வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

மறுநாள் கணக்குப் போட்டேன். ஹெட்லைட் இரண்டு, மச்சான் ஆசையாய் மாட்டிய ஃபாக் லைட் இரண்டு, தலா 55 வாட். மொத்தம் 220. 12 வோல்ட்டால் வகுத்தால் 18 ஆம்பியருக்கு மேல் செலவு. டைனமோ மேல் 35 என்று போட்டிருக்கிறதே?

ராமநாதபுரம் மெக்கானிக் சிரித்தார். "அது வண்டி வேகமா ஓடும்போது சார். ஊர்ந்தா பாதிகூடத் தேறாது."

அட, கிராஸ் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிய கதை! துண்டு விழுந்ததை பேட்டரி என்ற சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக் காலி பண்ணியிருக்கிறோம்.

கடையில் 90 ஆம்பியர் ஒன்று பளபளத்தது. மச்சான் கை நீண்டது. "ஐடிலிங்ல கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கடைக்காரர் சார்ட்டைப் புரட்டினார். அந்த வேகத்தில் 65 ஆம்பியர்காரன்தான் கூடத் தந்தான். அவனே வந்தான்.

மெக்கானிக் முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றினார். புல்லிகள் ஒரே நேர்கோட்டில். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கணும். "பழைய வயர் தாங்காது சார், தடி வயர் போடணும்" என்றார்.

"வயருக்கா இவ்வளவு?" என்று சிக்கனம் பேசியது சாட்சாத் நானேதான். அரை மணியில் கருகல் வாசனை! வாயை மூடிக்கொண்டு தடி வயருக்கும் ஃபியூஸுக்கும் பணம் எடுத்துவைத்தேன். உப்புக் காற்று தின்ற எர்த் பட்டையும் மாறியது. அத்தனை லைட்டையும் போட்டு ஐடிலிங்கில் பார்த்தால், மீட்டரில் 13.8 வோல்ட்!

இப்போது அரிச்சல்முனை வரை வழவழ ரோடு. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். மச்சானைப் பார்த்தால் "லைட் மாமா" என்கிறாளாம்.

டார்ச் பிடித்தவனை? ஹும்... கணக்கிலேயே காணோம்!