பிந்திப் போன பிள்ளை



போன கிழமை ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருவன், மணியடித்து எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "சேர், எனக்கு வாசிக்கப் படிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டான். எழுத்துத் தெரியும். கூட்டி வாசிக்க வராது. ஒன்பது வருசம் அதை மறைத்தே வந்திருக்கிறான்.

நான் சொன்ன பதில்: "இனி எங்க மகன்? அது ரெண்டாம், மூணாம் தரத்துல செஞ்சிருக்க வேணும்." அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு முதலாம் உலக யுத்தப் பாடத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். 1919 இல் வெர்சாய் உடன்படிக்கையில் போலந்துக்காகக் கையெழுத்திட்ட பிரதமர் ஒரு பியானோ கலைஞர் என்று இருந்தது. பெயர் இக்னசி படெரெவ்ஸ்கி. ஆச்சரியப்பட்டு அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விசயம்.)

1860 இல் பிறந்தவர். பிறந்து சில மாதங்களில் உம்மா மௌத். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 கிளர்ச்சியை அடுத்து வாப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வயதில் வார்சா இசைக் கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து அங்கேயே ஆசிரியரானார். கலியாணம் முடித்து ஒரு வருசத்துக்குள், பிள்ளைப் பேற்றோடு மனைவியும் மௌத். கையில் நோயாளிக் குழந்தை.

1884 இல், 24 வயதில், வியன்னாவில் லெஷெட்டிட்ஸ்கி என்ற பெரிய ஆசிரியரிடம் போனார். மேடைக் கலைஞர்கள் ஏழெட்டு வயதிலேயே விரலைப் பழக்கிவிடும் துறை அது. ஆசிரியரும் பிந்திவிட்டது என்றுதான் நினைத்தார். ஆனால் கதவை மூடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விரல் பயிற்சியிலிருந்து திரும்பத் தொடங்க வைத்தார். தானே ஆசிரியராக இருந்த மனிசன், வெட்கப்படாமல் நாள் முழுக்க அதைச் செய்தார்.

1888 இல் பாரிஸ் அவரைக் கொண்டாடியது. 1891 இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் வாசித்தார். 123 வருசம் உலகப் படத்தில் இல்லாமல் போயிருந்த தன் நாட்டுக்காக, யுத்த காலத்தில் அமெரிக்கா முழுக்க மேடையேறிப் பேசினார், வாசித்தார், நிதி சேர்த்தார். பிரதமர் பதவியில் ஒரு வருசம்கூட இருக்கவில்லை. சில வருசம் பியானோவைத் தொடாமல் இருந்துவிட்டு, 1922 இல், 62 வயதில், மறுபடியும் அதே கார்னகி மேடைக்கு வந்தார். அதுவும் பிந்திய தொடக்கம்தான்.

அந்த வியன்னா ஆசிரியர் "இனி எங்க மகன்?" என்று சொல்லி அனுப்பியிருந்தால்? எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய், "நான் சொன்னது பிழை" என்றேன். ஒரு நிமிசம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது ளுஹர் தொழுத பிறகு அரை மணித்தியாலம் இருக்கிறோம். இரண்டாம் தரப் புத்தகம்தான். மற்றப் பிள்ளைகள் காணாமல் இருக்க மண்ணிறத் தாளில் உறை போட்டுக் கொண்டு வருகிறான். நேற்று ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்தான். அல்ஹம்துலில்லாஹ்.

அவன் பெரிய ஆளாக வருவானா தெரியாது. மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் எனக்குப் போதும்.

சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிந்தி வருகிற பிள்ளை எவ்வளவு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நம்மிடம் வருகிறது என்று ஒருமுறை யோசிப்போம். பதில் அதற்குப் பிறகு சொல்வோம்.