நெஞ்சம் ஆலயமா? இல்லமா?

இழந்த காதலை என்ன செய்வது? எரித்துவிடுவதா? புதைத்துவிடுவதா? அல்லது, நெஞ்சுக்குள்ளே கருவறை ஒன்று கட்டி, அதிலே அதனை வைத்துப் பூட்டி, நாள் தவறாமல் கண்ணீரால் நீராட்டிக் கொண்டிருப்பதா? கேள்வி பழையது. காதல் உலகிலே தோன்றிய நாளிலேயே பிரிவும் அதன் நிழல்போல் உடன் பிறந்துவிட்டது. ஆனால் விடை மட்டும், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று என்று நம் நாட்டிலே நெடுங்காலமாகப் பங்கு போடப்பட்டுக் கிடக்கிறது. அந்தப் பங்கீட்டைப் பற்றிப் பேசவே, அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு வெளிவந்த படமொன்றைத் துணைக்கு அழைக்கிறோம்.

1962-ஆம் ஆண்டு வெளிவந்தது 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. எழுதி இயக்கியவர் ஸ்ரீதர். மாளிகை இல்லை, மலைச்சாரல் இல்லை, வாட்போர் இல்லை. மருத்துவமனை ஒன்றே அரங்கம். அதற்குள்ளே மூன்று உள்ளங்கள். ஒரு மாதத்துக்குள் எடுத்து முடிக்கப்பட்ட படம் என்பார்கள். வின்சென்டின் ஒளிப்பதிவும் விசுவநாதன் – ராமமூர்த்தியின் இசையும் கண்ணதாசனின் பாடல்களும் அதனைத் தாங்கி நின்றன. அடுத்த ஆண்டே, 1963-இல், ஸ்ரீதரே அதனை 'தில் ஏக் மந்திர்' என்று இந்தியிலே எடுத்தார். தமிழ்நாட்டுக் கண்ணீர் வடநாட்டுக் கண்களிலும் வழிந்தது!

கதை எளியது. முரளி என்னும் மருத்துவனிடம் புற்றுநோய் கொண்ட வேணு வருகிறான். உடன் வருகிறாள் அவன் மனைவி சீதா. அந்தச் சீதா, ஒரு காலத்திலே முரளியின் உள்ளம் கவர்ந்தவள்! முரளியாகக் கல்யாண்குமார், சீதாவாகத் தேவிகா, வேணுவாக முத்துராமன். தன் காதலியைக் கரம்பற்றியவனின் உயிர் இப்போது மருத்துவனின் கையிலே. கத்தி சற்றே தவறினால் கணவன் போவான். பழைய காதலுக்கு வழி திறக்கும். தவறாமற் செய்தாலோ, அவள் என்றென்றும் மற்றொருவனுக்கே உரியவள். நோயாளி இறந்துவிட்டால், வேண்டுமென்றே கொன்றான் என்று ஊர் சொல்லுமே என்ற அச்சம் வேறு! என்ன செய்தான் மருத்துவன்? இரவு பகல் பாராமற் படித்தான், உழைத்தான், உயிரைக் காத்தான்.

நாம் இந்தப் படத்தைப் போற்றுவதற்கு முதற் காரணம் இதுவே. காதல் என்றால் கைப்பற்றுதல் என்றும், கிடைக்காவிட்டால் கெடுத்துவிடுதல் என்றும் எண்ணுகின்ற இளைஞர் இன்றும் உளர். மறுத்த பெண்ணின் முகத்திலே திராவகம் வீசுகின்ற கயமையை நாளேடுகளிலே படித்து நாம் நெஞ்சு பதறவில்லையா? அவர்களுக்கெல்லாம் அந்த மருத்துவன் பாடம் சொல்கிறான். அவள் வாழ வேண்டும் என்று விரும்புவது காதல். என்னோடுதான் வாழ வேண்டும், இல்லையேல் வாழவே கூடாது என்பது காதலன்று. அது களவாணியின் கணக்கு!

ஆனால் படத்தின் நெஞ்சு அந்த அறுவை அறையிலே இல்லை. நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது. மனைவியின் பழைய காதலை வேணு அறிந்துகொள்கிறான். ஐயம் கொண்டு அனலாகவில்லை. ஆத்திரம் கொண்டு அலறவுமில்லை. நான் இறந்துவிட்டால் நீ அவரை மணந்துகொள் என்கிறான்! தாலி கட்டிய கணவன், தன் வாயாலேயே, தன் மனைவிக்கு மறுமணம் பேசுகிறான். சீதா துடித்துப்போகிறாள். அந்தத் துடிப்புத்தான் பி. சுசீலாவின் குரலிலே பாட்டாகி, இன்றளவும் தமிழகத்துத் தெருக்களிலே ஒலித்துக் கொண்டிருக்கிறது.

அந்தக் காட்சியைக் கண்டு திரும்பிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எம் உறவிலே பெரியம்மா முறை. இருபத்திரண்டு வயதிலே கணவனை இழந்தவர். வெள்ளைச் சேலை ஒன்றே அவர் அறிந்த வண்ணம். வீட்டிலே திருமணம் என்றால், பந்திக்குச் சமைத்த கை அவருடையது. பந்தலுக்குள் வராத காலும் அவருடையது. எதிரே வந்தால் சகுனத் தடை என்பார்களே என்று, இருட்டிய பின்னரே தெருவில் இறங்குவார். டூரிங் கொட்டகைக்கு இந்தப் படம் வந்தபோது, இரண்டாம் ஆட்டத்துக்கு எம்மைத் துணைக்கு அழைத்துச் சென்றார். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே தட்டி. தட்டிக்கு அப்பால் ஒரே விசும்பல். ஆட்டம் முடிந்து வரப்பு வழியே நடக்கும்போது, சீதா மறுத்தது எவ்வளவு உயர்ந்தது என்று உடன் வந்தவர்கள் உருகிப் பேசினார்கள். பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு எம்மிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "சொன்னானே தம்பி! அவ கட்டிக்கிறாளா இல்லையாங்கறது அவ பாடு. போறவன் வாயாலே ஒரு வார்த்தை சொன்னானே, அது போதும்."

ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்ல, அத்தனை பெரிய குடும்பத்திலே ஒருவருமில்லை. பெற்றவர் சொல்லவில்லை, உடன்பிறந்தவர் சொல்லவில்லை, மாமனார் வீட்டார் சொல்லவில்லை. எண்பது வயதுவரை வாழ்ந்தார். வாழ்ந்தார் என்று சொல்வது வழக்கம் பற்றி! அவர் துக்கம் எப்போது தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்போது முடியலாம் என்று ஒருவரும் நாள் குறிக்கவில்லை. முடியலாம் என்று நினைத்துப் பார்க்கவும் அங்கே ஒருவருக்கும் துணிவில்லை.

இதனை எண்ணியே நாம் படத்தோடு வழக்காட வேண்டியிருக்கிறது. மறுமணம் என்னும் வாயிலைத் திறந்து காட்டிய கதை, அந்த வாயிலை எப்படி மூடியது? நோயாளி பிழைத்தான், மருத்துவன் மாண்டான்! உழைப்பின் களைப்பும் உள்ளத்தின் பாரமும் அவனைச் சாய்த்துவிட்டன. சீதாவுக்குச் சிக்கல் தீர்ந்தது, கணவனுக்குச் சங்கடம் தீர்ந்தது, படம் பார்த்த சமுதாயத்துக்கும் நிம்மதி வந்தது. கேள்வி கேட்கக் கூடியவன் எவனோ அவனே போய்விட்டான்! காதலை விட்டுக்கொடுத்த ஒருவன், அதன் பிறகும் எழுந்து நடந்து, நோயாளிகளைப் பார்த்து, மாலையிலே நண்பரோடு சிரித்துப் பேசி, என்றேனும் ஒரு நாள் வேறொருத்தியைக் கண்டு உள்ளம் மலர்ந்து வாழக்கூடும் என்பதைக் காட்டக் கதைக்கு மனம் வரவில்லை. விட்டுக்கொடுத்தவன் செத்தால்தான் தியாகி, வாழ்ந்தால் சந்தேகத்துக்குரியவன். இது எந்த ஊர் நீதி?

இந்த நோய் ஸ்ரீதருடைய படத்துக்கு மட்டும் உரியதன்று. 1917-இல் வங்கத்திலே சரத்சந்திரர் வெளியிட்ட 'தேவதாஸ்', 1953-இல் நாகேசுவரராவும் சாவித்திரியும் நடிக்கத் தமிழ்ப் படமாகவும் வந்தது. பார்வதியை இழந்த தேவதாஸ் குடித்தான், குடல் வெந்தான், அவள் வீட்டு வாயிலிலே வந்து விழுந்து இறந்தான். காதற் காவியம் என்று கைதட்டினோம். அதே துயரத்தைப் பார்வதி அப்படி வெளிக்காட்டியிருந்தால்? ஒரு கிண்ணம் மதுவைத் தொட்டிருந்தால்? காவியமா எழுதியிருப்பார்கள்? ஆணின் துக்கத்துக்கு அழிந்துபோகும் உரிமை உண்டு. பெண்ணின் துக்கத்துக்கு அடங்கிப்போகும் கடமை மட்டுமே உண்டு. மனைவியை இழந்தவன் ஓராண்டிலே புதுமாப்பிள்ளையாகிறான், "பாவம், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டாமா?" என்று ஊரே பெண் தேடுகிறது. கணவனை இழந்தவளுக்கோ, பிள்ளைகள் இருந்தால் "பிள்ளைகளுக்காகவாவது அடங்கி இரு" என்ற அறிவுரை. ஒரே பிள்ளைகள்! ஆணுக்கு மறுமணத்தின் காரணமாகிறார்கள். பெண்ணுக்கு மறுமணத்தின் தடையாகிறார்கள்!

பழம்பெருமை பேசும் நாம் பழங்கொடுமையையும் மறைக்கலாகாது. புறநானூற்றிலே பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் புறப்பட்ட செய்தி வருகிறது. சான்றோர் தடுத்தனர். அவளோ, நெய் தீண்டாத உணவும் பாயில்லாத பரற்கற் படுக்கையுமாகக் கழிகின்ற கைம்மை வாழ்வினும் அந்தத் தீயே தனக்குத் தண்ணிது என்னும் கருத்துப்படப் பேசினாள். அதனைக் கற்பின் திறம் என்று உரை சொன்னவர் பலர். நாமோ அதிலே ஒரு குற்றச்சாட்டைக் கேட்கிறோம். தீயைவிடக் கொடியதாக ஒரு வாழ்வைச் சமைத்து வைத்திருந்த சமுதாயத்தின்மீது, அரசி ஒருத்தி தன் இறுதி நாளிலே சாட்டிய குற்றம் அது!

அந்தக் குற்றத்துக்கு விடையிறுக்க எத்தனை காலம்! 1856-இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. வந்தும், மறுமணம் செய்துகொண்டவள் முதற் கணவன் வழிச் சொத்துரிமையை இழப்பாள் என்றது; ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் கூரையைப் பிரித்தது. 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, கைம்பெண் மறுமணத்தையும் பெண்ணுக்குச் சொத்துரிமையையும் ஒருங்கே கேட்டது. அறிஞர் அண்ணாவின் ஆட்சியிலே 1967-இல் சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறியது. 1975-இலே மறுமணம் செய்துகொள்ளும் கைம்பெண்ணுக்கு அரசே உதவித்தொகை தரும் திட்டம் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் வந்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்தது. ஆனால், தோழர்களே, கட்டிலருகே நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சட்டத்துக்கு வாய் இல்லை. அதனை வீடுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் அன்பை மறந்துவிடச் சொல்கிறோமா? துக்கமே வேண்டாம் என்கிறோமா? இல்லை, இல்லை! பகுத்தறிவு கண்ணீரைப் பழிப்பதில்லை. 1933 மே 11-ஆம் நாள் நாகம்மையார் மறைந்தார். தந்தை பெரியார் 'குடி அரசு' ஏட்டிலே எழுதிய இரங்கலுரையைப் படித்தவர் அறிவர், அந்த எஃகு உள்ளம் எவ்வளவு ஈரமுடையது என்பதை. பெண் விடுதலை பேசிய தாம் அதனைத் தம் துணைவிக்கு முழுமையாக வழங்கியதில்லை என்பதையும் அவர் அங்கே மறைக்கவில்லை. மறைந்தவரைத் தெய்வமாக்கித் தம்மைப் பூசாரியாக்கிக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லி வழியனுப்பினார். மறுநாளே திருச்சியிலே, தடையை மீறித் திருமணம் ஒன்றை நடத்திவைத்துக் கைதானார். துணையை இழந்த மறுநாள், பிறர் துணை சேர்வதற்காகச் சிறை!

இன்னொரு சான்று, அந்தப் படத்தின் நோயோடே தொடர்புடையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அவர் என்ன செய்தார்? பூட்டி வைத்தாரா? ஆண்டுகள் பல ஆயினும் விடாது முயன்று, 1954-இலே அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்திலே பன்னிரண்டே படுக்கைகள். வேணுவைத் திரையிலே கிடத்திய ஸ்ரீதரின் கற்பனைக்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே, உண்மையான வேணுக்கள் கிடந்து உயிர் மீளுவதற்கு அங்கே உண்மையான கட்டில்கள் போடப்பட்டுவிட்டன! துயரம் தந்த பணியை முடித்துவிட்டு அம்மையார் உயிர் துறக்கவில்லை; 1968 வரை வாழ்ந்து, அது வளர்வதைக் கண்ணாரக் கண்டார். திரைக்கதை மருத்துவனைக் கொன்று தியாகத்தைக் காட்டிற்று. வாழ்க்கையோ, மருத்துவரை வாழவைத்து அதனினும் பெரியதொன்றைக் காட்டிற்று.

எனவேதான் அந்த அழகிய தலைப்போடும் நாம் மாறுபடுகிறோம். நெஞ்சில் ஆலயம் வேண்டாம்! ஆலயத்திலே கருவறை உண்டு. அங்கே சிலை அசையாது, விளக்கு மங்கலாக எரியும், ஒருவருக்கு மட்டும் நுழைய அனுமதி, மற்றவர் வெளியே நிற்க வேண்டும். இறந்தவரைச் சிலையாக்கி, இருப்பவரைப் பூசாரியாக்கி, வாழ்நாள் முழுதும் வாயிலைக் காக்கவைக்கும் ஏற்பாடு அது. நெஞ்சம் இல்லமாக இருக்கட்டும்! இல்லத்திலே சுவர் உண்டு. அதிலே போனவரின் படத்தை மாட்டலாம், அதைப் பார்த்து அழலாம், அவர் பேச்சைச் சொல்லிச் சிரிக்கவும் செய்யலாம். இல்லத்துக்குக் கதவும் உண்டு. அதைத் தட்டுபவர் இருந்தால் திறக்கலாம். திறப்பதா வேண்டாவா என்பதை உள்ளே இருப்பவள் முடிவு செய்வாள். சீதாவைப் போல் மறுப்பதும் அவள் உரிமை. ஏற்பதும் அவள் உரிமை. வெளியிலிருந்து தாழிடும் உரிமை மட்டும் எவனுக்கும் இல்லை!

உங்கள் வீட்டிலே, உங்கள் தெருவிலே, கணவனை இழந்து ஒதுங்கி நிற்கும் ஒருத்தி இன்றும் இருக்கக்கூடும். தங்கையாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம், பெற்ற தாயாகவே இருக்கலாம். அவள் கேட்கமாட்டாள்; கேட்கக்கூடாது என்றே வளர்க்கப்பட்டவள். கேட்கும்வரை காத்திராதீர்கள். அடுத்த திருமணப் பந்தலிலே முன்வரிசை நாற்காலியிலே அவளை அமர்த்துங்கள். மணமக்களுக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் கை அவளுடையதாக இருக்கட்டும். இனி உன் வாழ்வு உன் விருப்பம் என்று, நாலு பேர் கேட்க, வாய்விட்டுச் சொல்லுங்கள்.