வீட்டை விட்டுப் போகாத மீன்

மண்டபம் கடற்கரையில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் முருகைக்கல்லால் எழுந்தவை. காரை உதிர்ந்த இடங்களில் பூவிதழ் போன்ற துளைகள் தெரியும். பவள உயிர்கள் வாழ்ந்த அறைகள் அவை என்பதைச் சிறு வயதில் நான் அறிந்தேனில்லை.

அக்காலத்தில் எங்களுக்குச் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. எழுபதுகளில் ஒரு நாள் வத்தையிலிருந்து கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிளை கிளையாய்ப் படர்ந்திருந்த ஒரு பவளக்கொத்தைக் கையிலெடுத்தேன். உள்ளே விரற்கடை அளவில் ஒரு மீன்! கரைக்கு வந்து வெகுநேரமாகியும் உயிரோடிருந்தது. குலுக்கிப் பார்த்தேன், விழவில்லை. கிளைகளுக்கிடையே இன்னும் ஆழமாய் ஒடுங்கிக்கொண்டது.

"அது அதனுடைய வீடு. கொண்டுபோய்க் கடலிலே விட்டுவிடு" என்றார் வாப்பா. விட்டேன். ஆனால் ஒரு கொத்தை விட்டதனால் காளவாய் அணைந்துவிடவில்லை. மற்றவை வெந்து நீறாயின. அந்த நெருப்பில்தான் எங்கள் வீட்டு உலையும் கொதித்தது.

பின்னாளில் அம்மீனைப் பற்றிப் படித்தேன். உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோபியோடான் என்பது அறிவியலார் இட்ட பெயர். செதிலற்ற இம்மீன் பவளக் கிளைகளுக்குள்ளேயே குடியிருப்பது. நீர் வற்றிப் பவளம் வெளியே தெரியும் வேளையிலும் காற்றைச் சுவாசித்துச் சில மணி நேரம் அங்கேயே தங்கியிருக்கும். அன்று என் கையில் அது உயிரோடிருந்ததன் காரணம் இதுவே.

அது வெறும் குடியிருப்பாளனும் அன்று. பிஜித் தீவில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. நச்சுப்பாசி பட்டதும் பவளம் ஒருவகை இரசாயனத்தை நீரில் கசியவிடுகிறது. 15 நிமிடங்களுக்குள் இம்மீன் வந்து பாசியைக் கத்தரித்துவிடுகிறது. ஏனைய மீன்கள் ஓடிவிட, இது மட்டும் தன் வீட்டைக் காத்து நிற்கிறது.

நாமோ அவ்வீட்டையே பெயர்த்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. இன்று அவற்றில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. கல்லெடுத்ததும் அதற்கொரு காரணம் என்பர். 2001இல் பவளத்தைச் சட்டம் காப்புக்குள் கொண்டுவந்தது. அதன் பின்னும் சோதனை ஓயவில்லை. வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மீது படர்ந்திருப்பது 2008இல் தெரியவந்தது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன.

சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட எறும்பொன்று, அவர்கள் அறியாமல் மிதித்துவிடக்கூடும், உங்கள் குடியிருப்புகளுக்குள் சென்றுவிடுங்கள் என்று தன் இனத்தாரை எச்சரித்த வரலாற்றைத் திருமறையில் ஓதுகிறோம். அறியாமல் என்று நம் சார்பில் ஒரு சாக்கை அந்த எறும்பே சொல்லிவைத்தது. சிறுவனாயிருந்த எனக்கு அச்சாக்கு இருந்தது. அறிந்துகொண்ட பிறகு இல்லை.

இன்றும் அச்சுவரின் துளைகளை விரலால் தடவிப் பார்ப்பதுண்டு. எத்தனை வீடுகளை இடித்து எங்கள் ஒரு வீடு எழுந்தது! அந்தக் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.